கிரகப் பிரவேசம், முதல் கேசட்

பிள்ளைக்குப் பெயர் வைப்பதுகூட லேசு. இங்கிலீஷ் படத்துக்குத் தமிழில் பெயர் வைத்துச் சங்கரன்கோவிலில் வாடகைக்கு விட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு.

எண்பத்தாறில் என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருந்தார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் அங்கே வீடியோ கடையில் வேலை பார்த்தார். ஆகவே புதுசாக எந்தக் கேசட் வெளிவந்தாலும் ஊருக்கு வருகிற யார் பெட்டியிலாவது எனக்கு ஒன்று வந்துவிடும். ஆனால் மனுஷனுக்கு ரசனை ஒரே தினுசு. ராட்சதப் பல்லி, மந்திரக்காரன், பேசுகிற கரடி, ஆகாயத்தில் சண்டை. "குடும்பப் படமா அனுப்புங்க" என்று சொல்லி அனுப்பினேன். ராட்சதப் பல்லியும் அதன் இரண்டு குட்டிகளும் வருகிற படம் வந்தது.

வீட்டு முன்னறைதான் கடை. மகள் ஜன்னத்துல் பிர்தௌஸ் பெயரில் 'பிர்தௌஸ் வீடியோ' என்று போர்டு. இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் ஒருத்தரும் கேசட்டைத் தொட மாட்டார்கள் என்பதால் நானே எல்லாவற்றையும் கடை டெக்கில் போட்டுப் பார்த்துத் தமிழில் பெயர் எழுதி ஒட்டுவேன். காலம் தாண்டிப் போகிறவன் கதைக்கு 'நாளை வந்து நேற்றுப் போனவன்'. கண்ணுக்குத் தெரியாத மனிதன் கதைக்கு 'ஆளைக் காணோம்'. ஒருவர் வாசலில் நின்று "ஆளைக் காணோம் இருக்கா?" என்று சத்தமாகக் கேட்டதில், எதிர்வீட்டுக்காரர்கள் யாரைக் காணோம் என்று பதறிக்கொண்டு ஓடி வந்தார்கள். கார்ட்டூனுக்குப் 'பொம்மைப் படம்' என்று எழுதினேன். பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் "பிள்ளைகளுக்கு" என்று சொல்லி வாங்கிப்போனார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அந்த வருஷம் வந்ததிலேயே பெரிய படம், இரண்டு கேசட் நீளம். பூமி வறண்டுபோக, ஒரு கூட்டம் கப்பலேறி வேறு கிரகத்துக்குக் குடிபோகிறது. அங்கே மூன்று கண்ணுள்ள ஆட்கள். கதவு திறந்ததும் கூட்டத்தின் தலைவி வலது காலை முதலில் வைத்துத்தான் அந்த மண்ணில் இறங்கினாள். நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், வலது கால்தான். பால் காய்ச்சாத குறை. உடனே எழுதி ஒட்டினேன்: 'கிரகப் பிரவேசம்'. இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயரை எவனாவது வைத்துவிடட்டும், பார்ப்போம்.

அதே வாரம் என் பின்தெருக்காரி கோமதித்தாய் புதுவீட்டில் பால் காய்ச்சினாள். கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி என்னிடம் பழகுகிறவள். விசேஷத்தை வீடியோ எடுத்தவன் இசக்கிப்பாண்டி. கேமராவைத் தோளில் தூக்கியதும் தன்னைத் தவிர எல்லாரும் முட்டாள் என்று நினைக்கிறவன்.

அந்த வீட்டில் எல்லாம் இருந்தது. ஐயர் இருந்தார், ஓமம் இருந்தது, பசுமாடு இருந்தது. கோமதியின் அண்ணன் சண்முகையா மட்டும் இல்லை. வாசுதேவநல்லூரில் வயல், தோட்டம் என்று நன்றாக இருக்கிற மனிதர். கோமதி மகள் சடங்குப் பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்கு மேலே பெரியப்பா பெயரை அச்சடித்துவிட்டார்கள். அன்றைக்கு "இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று போனவர்தான். பிறந்த வீட்டுச் சீர் வராமல் அவள் புதுவீட்டில் பொங்கிய பால் யாருக்குமே இனிக்கவில்லை, எனக்கும்தான்.

ஓமத்துக்குப் பக்கத்தில் அண்ணனுக்கென்று ஒரு பலகை போட்டு, அதன் முன்னால் ஒரு தம்ளர் பாலை வைத்தாள். இசக்கிப்பாண்டியைக் கேமராவை அங்கே திருப்பச் சொல்லிவிட்டுக் காலிப் பலகையைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணே, பத்திரிகை அச்சடிச்சவன் தப்புக்கு என்னய ஏன் தண்டிக்க? நீ வந்து இந்தப் பாலக் குடிச்சாத்தான் இது வீடு. இல்லன்னா வெறும் செங்கலு."

அந்தக் கேசட்டை அண்ணனுக்கு அனுப்ப வேண்டும், அதைப் பார்த்தால் மனசு இளகும் என்பதுதான் அவளுடைய ஒரே நம்பிக்கை. இசக்கிப்பாண்டி அதன் மேல் 'கிரகப்பிரவேசம்' என்று எழுதி, பஸ்ஸில் கொடுத்துவிடும் வரைக்கும் இருக்கட்டும் என்று என் கடை அலமாரியில் வைத்திருந்தான். தமிழ் வாத்தியாரைக் கேட்டால் கிருகம் என்றுதான் எழுத வேண்டும் என்பார். அப்படி எழுதியிருந்தால் வீட்டுக்கும் வானத்துக் கிரகத்துக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும். ஆனால் ஊரில் யார் அப்படி எழுதுகிறார்கள்?

மறுநாள் நான் சமையல்கட்டில் இருந்தபோது வாசுதேவநல்லூர் பஸ் கிளம்பப் போகிறது என்று ஓடி வந்த இசக்கிப்பாண்டி, அலமாரியில் கைக்கு வந்த கிரகப்பிரவேசத்தை எடுத்துக் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பிவிட்டான்.

விஷயம் வெள்ளத்துரை அண்ணாச்சி மூலமாகத்தான் தெரிந்தது. மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீஸில் வேலை. ராக்கெட் படம் என்றால் உயிர். என் மகளிடம் கிரகப் பிரவேசம் முதல் கேசட்டைக் கேட்டு வாங்கிப்போனவர், திரும்பி வந்து அதை மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, இது என்ன படம்? எடுத்ததும் ஒரே பொகை. சரி, ராக்கெட்டு கெளம்பப் போவுதுன்னு பாத்தா ஒரு ஐயரு இருமுதாரு. பொறவு மாடு வருது. மாடு சாணி போடுது, எல்லாரும் சந்தோசப்படுதாவ. கடைசி வரைக்கும் ராக்கெட்டு வரும்னு உக்காந்திருந்தேன், பாத்துக்கோ."

கேசட்டைப் புரட்டிப் பார்த்தேன், இசக்கிப்பாண்டியின் கையெழுத்து. "முழுசும் பாத்தீயளா அண்ணாச்சி?"

"பாக்காம? ஒரு பொம்பள காலிப் பலகையப் பாத்துப் பேசுதாள்லா, என்னா நடிப்பு! கண்ணுக்குத் தெரியாத ஆளு அதுல உக்காந்திருக்கான்னு நான் வெளங்கிக்கிட்டேன். எம் பொஞ்சாதி அழுதே போட்டா."

அவரை அனுப்பிவிட்டு இசக்கிப்பாண்டியைக் கூப்பிட்டேன். "ஏலே, நீ அனுப்புன கேசட்டுல பேருக்கு நடுவுல எடம் விட்டிருந்துச்சா, சேர்த்து எழுதியிருந்துச்சா?"

"பேரத்தான பாக்கணும், எடத்தையா பாப்பாங்க?" என்றான். அவன் அம்மா காதில் விழாத குறையாகத் திட்டினேன்.

கோமதியிடம் சொல்லாமல் முடியுமா? சொன்னதும் அவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சுக்கா. எங்க அண்ணன் ரோசக்காரன். மூணு கண்ணு ஆளுவள அனுப்பி என்னயக் கேலி பண்ணுதாளான்னு நெனைப்பான். இனி நான் செத்தாலும் வரமாட்டான்."

"ஏட்டி, அழாத. நாளைக்கே சரியான கேசட்ட இசக்கிப்பாண்டி கையில குடுத்துவிடுதேன்" என்றேன். சொன்னேனே தவிர எனக்கே தைரியம் இல்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாள் காலையில் இசக்கிப்பாண்டி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப்பை. கோமதியின் மூக்கு அப்படியே அவர் முகத்தில் இருந்தது. சண்முகையா அண்ணாச்சி! சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவர் பைக்குள்ளிருந்து 'பிர்தௌஸ் வீடியோ' சீட்டு ஒட்டிய கேசட்டை எடுத்தார்.

"இதுக்கு ரெண்டாவது கேசட்டு எங்கன இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. "பாத்தீயளா அண்ணாச்சி?"

"நான் பாக்க மாட்டேன்னுதான் சொன்னேன். எம் மவன் டெக்குல போட்டான். தங்கச்சி மொகம் ஒரு தடவ தெரியட்டும், எந்திரிச்சிப் போயிரலாம்னு வாசல்ல நின்னேன். அவ எப்ப வருவா எப்ப வருவான்னு பாத்துக்கிட்டே உள்ள வந்து உக்காந்துட்டேன். பொறவு அவள மறந்தே போச்சு. தெருவே வந்து பாத்துச்சும்மா."

"கோவம் இல்லயே?"

"கோவமாத்தான் இருக்கு! அந்தக் கூட்டத்துல ஒரு பெரியவரு வாராருல்லா, தலைவிக்கு அண்ணன்? கப்பல்லயே சண்டை போட்டுக்கிட்டு வந்தவரு? எல்லாரும் புது வீட்டுக்குள்ள போறாவ, அவரு மட்டும் வாசல்லயே நிக்காரு. தங்கச்சிக்காரி கதவத் தொறந்து வச்சிக்கிட்டு நிக்கா. அந்த எடத்துல கேசட்டு முடிஞ்சு போச்சு. ஒறக்கம் பிடிக்கல. அவரு உள்ள போனாரா இல்லயா?"

எனக்குத் தெரியும். இரண்டாவது கேசட் என் மேஜை டிராயரில்தான் இருந்தது. நான் டிராயரை முழங்காலால் தள்ளி மூடினேன்.

"டெக்கும் கேசட்டும் கோமதி வீட்டுல இருக்கு அண்ணாச்சி. அங்கனதான் பாக்கணும்" என்றேன். அல்லாஹ் மன்னிப்பான்.

அவர் மேலும் கீழும் பார்த்தார். மஞ்சப்பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். கடைசியில் "நட" என்றார். நான் கண்ணைக் காட்ட, இசக்கிப்பாண்டி டெக்கைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினான்.

கோமதி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றார்.

"நான் ஒன் வீட்டுக்கு வரல. படம் பாக்க வந்தேன்" என்றார் அவர்.

"படம் பாக்கவே வா. வலது கால வச்சு வா" என்றாள் அவள்.

வைத்தார். அவருக்குப் பலகை போட்டாள். நான் கேசட்டைப் போட்டேன். இந்த முறை எதைப் போடுகிறோம் என்று தெரிந்தே போட்டேன். திரையில் புகை வந்தது, மாடு வந்தது. "இதுல எங்கம்மா கப்பலு?" என்று அவர் என் பக்கம் திரும்பியபோது கோமதியின் குரல் கேட்டது. அண்ணே என்று அது கூப்பிட்டதும் மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். தங்கச்சி காலிப் பலகையைப் பார்த்துப் பேசி முடிக்கிற வரைக்கும் அசையவில்லை. தான் உட்கார்ந்திருக்கிற பலகை எது என்று குனிந்து பார்த்தார். அதே பலகைதான். துண்டால் முகத்தைத் துடைத்தார், வேர்வை என்று நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

கோமதி தம்ளரில் பாலைக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தார். நானும் அழுதேன், எனக்கு என்ன வெட்கம்?

தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "சரி, அந்தப் பெரியவரு உள்ள போனாரா இல்லயா? அதச் சொல்லு. ரெண்டாவது கேசட்டப் போடு."

"உள்ள போனாரு அண்ணாச்சி, போனதும் அந்த வீடே வாயத் தொறந்து அவர..." என்று ஆரம்பித்தான் இசக்கிப்பாண்டி. அவன் காலை நான் மிதித்த மிதியில் வாய் மூடிக்கொண்டது.

"ரெண்டாவது கேசட்டு டெக்குல சிக்கி நைஞ்சு போச்சு அண்ணாச்சி, இனி ஓடாது" என்றேன்.

அவர் தங்கச்சியைப் பார்த்தார். படத்தில் ஒரு காட்சிகூடப் பார்க்காத கோமதி காலி தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்:

"உள்ள போயிட்டாருண்ணே. நல்லாதான் இருந்தாரு."