மெய்ப்பில் ஒரு சிவப்புக் கோடு

'உடல்நலக் குறைவால்' என்ற சொற்களைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் 'மகளின் அலட்சியத்தால்' என்று எழுதினாள் கமா.

அப்பாவின் மரண அறிவிப்பு அது. அச்சடிக்கும் முன் திருத்தித் தரவேண்டிய மெய்ப்புத்தாளைக் கொண்டுவந்த அச்சகத்துக்காரர் வாசலில் காத்திருந்தார். இருபது வருடம் அந்த அச்சகத்தில் பிழை திருத்திய அப்பா இப்போது பக்கத்து அறையில் வெள்ளைத் துணிக்கு அடியில் கிடந்தார். பேசும்போது பாதியில் நிற்கிற பதினாறு வயது மகளுக்கு அவர் வைத்த செல்லப்பெயர்தான் கமா, காற்புள்ளி.

அப்பாவின் அக்கா தாளை எட்டிப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் இரண்டு முறை பார்க்கிற கண்.

"என்னடி இது?"

"அந்த இரும்புச்சத்து டானிக், அத்தை... நான்தான் தினம் குடுக்கணும். பரீட்சைன்னு ரெண்டு வாரம் மறந்துட்டேன். டாக்டர் உங்ககிட்ட சொன்னது கதவுக்கு வெளிய கேட்டுச்சு. 'அலட்சியம்தான் இவ்வளவு தூரம் கொண்டுவந்துடுச்சு'ன்னு..."

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அலட்சியம் இல்லடி, அழற்சி! அ-ழற்-சி. பிழை திருத்துறவன் பொண்ணுக்குக் காது இப்படியா?"

கமா நிமிரவில்லை.

"இங்க பாரு. எலும்பு மஜ்ஜைக்குள்ள ரத்தம் உண்டாக்குற ஸ்டெம் செல் இருக்கு. உங்கப்பனுக்கு அதுல ஒண்ணோட ஜீன்ல எப்பவோ ஒரு எழுத்துப்பிழை விழுந்துடுச்சு. அதோட அழற்சி வேற, உள்ள அணையாம கணகணன்னு. நல்ல செல்லெல்லாம் அந்தச் சூட்டுல வதங்கிடுச்சு. பிழையான செல்லுக்கு மட்டும் உறைக்கல. நகல் மேல நகலா எடுத்துத் தள்ளுச்சு. உருப்படியா ரத்தம்தான் ஊறல."

"டானிக் குடுத்திருந்தா..."

"அண்டா அண்டாவா குடிச்சிருந்தாலும் பல்லுதான் கறுத்திருக்கும். அவனுக்கு இரும்பு குறையலடி. அதை வாங்கி வேலை செய்யத்தான் ஆளு இல்ல."

"நிஜமா?"

"அவன் ரத்தத்தை முதல்ல பாத்தவளே நான்தான்." அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். "அவனுக்கும் தெரியும். 'ஊரு பிழையெல்லாம் பிடிச்சேன், என்னோடது எலும்புக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சே'ன்னு சிரிச்சான்."

"முடிஞ்சுதாம்மா?" வாசலிலிருந்து குரல்.

"இதோ அண்ணா, ஒரு நிமிஷத்துல தந்துடறேன்," என்றாள் கமா, பாதியில் எங்கும் நிற்காமல்.

அவசரத்தில் சரியான சொல்லை அடித்துவிட்டால் அப்பா வேறு தாள் கேட்பதில்லை; அடித்தது அப்படியே நிற்கட்டும் என்று அதன் கீழே புள்ளிகள் வைப்பார். கமா ஓரத்தில் எழுதியதை அடித்தாள். முதலில் அடித்த சொற்களுக்குக் கீழே, அவர் வைப்பதுபோலவே நெருக்கமாக, வரிசையாகப் புள்ளிகள் வைத்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'இருக்கட்டும்.'