பார்க்காத மாதிரி

"ஒரே ஒரு படம் மாப்ள. அவ சிரிக்கிற மாதிரி," என்று போனில் கேட்டார் அத்தை.

அவன் மனைவி இறந்து நான்கு மாதம். மாமியார் வீட்டுச் சுவரில் இருந்ததோ அவளுடைய அலுவலக அடையாள அட்டைப் படம். அதில் அவள், வரிசையில் குறுக்கே புகுந்தவனை முறைப்பதுபோல முறைத்துக்கொண்டிருந்தாள்.

அவனிடம் படங்களுக்குப் பஞ்சமில்லை. ஆறு வருடமாக, இருவரும் வேலைக்குப் போகும்போது, பேருந்து நிறுத்தத்தில் தினமும் வரும் ஆட்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்தவை. பெயர்கூட அவனே வைத்திருந்தான். நின்றபடியே உறங்குபவர் தூங்குமூஞ்சி. நர்ஸம்மா வெள்ளைச் செருப்பு. அவர்களுக்கு நரை விழுந்தது, தொப்பை போட்டது எல்லாம் பதிவாகியிருந்தது. பக்கத்திலேயே நின்றவள் ஒன்றிலும் இல்லை. ஊரையெல்லாம் எடுத்தவன் வீட்டுக்காரியைக் கோட்டை விட்டிருந்தான்.

நிறுத்தத்து ஆட்கள் எடுத்துக்கொண்ட செல்ஃபி எதிலாவது அவள் பின்னால் விழுந்திருப்பாளோ? மறுநாள் காலை கேமரா இல்லாமல் போனான். முதல் தடவையாக அவர்களிடம் வாய் திறந்தான்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க போன்ல என் மனைவி எங்கயாவது..."

"அக்கா எங்க? ஆளையே காணோமே," என்றாள் நர்ஸ்.

"இல்ல. இறந்துட்டா."

பேருந்து வந்தது. ஒருவரும் ஏறவில்லை. அது போனது.

"அக்காதான் சொல்லி வச்சாங்க," என்றார் தூங்குமூஞ்சி. "எங்க வீட்டுக்காரர் படம் எடுப்பாரு, பாக்காத மாதிரி இருங்க, பாத்துட்டீங்கன்னா மனசு ஒடைஞ்சிடுவாருன்னு. நான் தூங்கினதே இல்ல சார். கண்ணத் திறந்தா சிரிப்பு வந்துடும்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"உங்களுக்குத் தெரியாம நானும் ஒண்ணு எடுத்தேன்ணா," என்று நர்ஸ் போனைத் துழாவினாள். நம்பர் கேட்டு அனுப்பினாள். அடுத்த பேருந்தில் அவனைத் தவிர எல்லோரும் ஏறிக்கொண்டார்கள்.

அவன் அதைத் திறக்கவில்லை. வந்த கையோடு அத்தைக்குத் தள்ளிவிட்டான். உடனே போன் அடித்தது.

"யாரு மாப்ள இது, முன்னால? கேமராவ மூஞ்சில வச்சுக்கிட்டு, வாயப் பொளந்துக்கிட்டு?"

"நான்தான் அத்தை."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அப்ப உங்களப் பாத்துதான் இப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறாளா? உங்கள வெட்டிட்டு மாட்டலாங்கிறாரு மாமா. வெட்டிட்டா கழுதை எதுக்குச் சிரிக்குதுன்னே தெரியாது. நீங்களும் இருங்க."

"சரி அத்தை," என்று நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான். இனி அவனும் அந்தப் படத்தைப் பார்த்தாக வேண்டும்.