டிக் போட்ட பேட்டரி

அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். டியூட்டி முடிந்தால் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டத் தெரியும், சந்தேகத்தைக் கழற்றி மாட்டத் தெரியாது. ஏரிக்கரையில் கூடாரம் போட்டு நாலு நாள் நிம்மதியாக இருக்கலாம் என்று குடும்பத்தோடு வந்த இடத்திலும் அந்தக் கண் சும்மா இருந்தால்தானே! இந்தத் தடவை அது சகலையின் மேல் விழுந்திருந்தது.

சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், எலக்ட்ரீஷியன். கூடாரத்துக்கு முன்னால் மடக்கு சோலார் தகட்டை விரித்து, நாலு பேட்டரி போடுகிற சின்ன சார்ஜரை அதன் நிழலில் ஒளித்து வைத்திருந்தார். வெயில் நகர நகரத் தகட்டையும் திருப்பிக்கொண்டே இருப்பார். எல்லாம் விரல் தண்டி பேட்டரிகள். டார்ச்சுக்கும் அதுதான், சகலையின் ரேடியோவுக்கும் அதுதான், பரிசோதகர் மனைவியின் காது மிஷினுக்கும் அதுதான்.

வினையே அந்தக் காது மிஷினில்தான். போன வருஷம் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து அவளுக்குக் காது மந்தம். கழுத்தில் ஒரு குட்டிப் பெட்டி தொங்கும், அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர் போகும். ஒரு பேட்டரி ஒரு வாரம் தாராளமாக ஓடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இங்கே என்னடாவென்றால் காலையில் போட்டது மத்தியானம் தாண்டவில்லை. இவர் பேச உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவள் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்துவிடுவாள்.

"பேட்டரி போச்சுங்க."

ஊரில் இவரோடு நின்று பேச ஆள் கிடையாது. அவர் வாயைத் திறந்தால் கேட்க இருந்தது இந்த ஒரு ஜீவன்தான். அவளுக்கும் கேட்காமல் போய்விட்டால் மனுஷன் எங்கே போவார்?

சகலையின் ரேடியோ மட்டும் காலையிலிருந்து ஓயாமல் பாடிக்கொண்டிருந்தது. பரிசோதகருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. சார்ஜ் ஏறின பேட்டரியெல்லாம் ரேடியோவுக்கு, காலியானதெல்லாம் என் பெண்டாட்டிக்கா?

பேட்டரி மாற்றிய கையோடு மனைவியிடம் ஆரம்பித்தார். "உன் தங்கச்சி புருஷன் முழியே சரியில்ல, பாத்துக்கோ. அந்தத் தகடைத் திருப்புற சாக்குல என்னமோ தில்லுமுல்லு பண்றான். கூடாரம் போட இடம் தேடினப்பவே பாத்தேன், நெழலான இடத்த அவன் எடுத்துக்கிட்டான். உன் தங்கச்சியும் லேசுப்பட்ட ஆள் இல்ல. நேத்து பெரிய துண்டு மீன் யாரு தட்டுல விழுந்துச்சு?"

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை விரித்தாள். மறுபடியும் பேட்டரி போயிருந்தது.

மறுநாள் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்ததும் பேனாவை எடுத்து, டிக்கெட்டில் போடுவது போலவே, ஒரு பேட்டரியில் சின்னதாக ஒரு டிக் போட்டார். அதைத் தன் கையாலேயே மனைவியின் மிஷினில் போட்டு மூடினார். மத்தியானம் அவள் கையை விரித்தாள். "இருடி, இதோ வரேன்" என்று சகலையின் கூடாரத்துக்குள் புகுந்து ரேடியோவைக் கவிழ்த்தார். டிக் இல்லை. டார்ச்சைத் திறந்தார். அதிலும் இல்லை.

"என்ன தேடுறீங்க சகலை?" வாசலில் சகலை நின்றார்.

"மணி பாக்க வந்தேன்."

"ரேடியோ வயித்துக்குள்ளயா?"

அசடு வழிய வெளியே வந்தவர் நேராகக் குழாயடிக்குப் போனார். டிக் போட்ட பேட்டரி மிஷினில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று எண்ணம். அக்காவும் தங்கையும் இவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். தங்கை தலையைக் குனிந்தபடி, தட்டைத் தேய்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். அக்கா தங்கையின் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை, கெக்கெக்கென்று சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று இந்தச் சிரிப்பைக் கேட்டு!

அவர் அப்படியே நின்றுவிட்டார். தங்கை திரும்பிப் பார்த்தாள். "அக்கா, அத்தான் வர்றாரு."

மனைவி ஈரக் கையைத் துடைத்தாள். கழுத்துப் பெட்டியின் சுவிட்சை விரலால் தள்ளினாள். அப்புறம்தான் திரும்பி, காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள்.

அவருடைய கோட்டைக் கண்டதும் தூங்குவது போல நடிக்கிற பயணிகள் எத்தனையோ பேர். ஒருவனையும் அவர் விட்டதில்லை, தோளைத் தட்டி எழுப்பிவிடுவார். இவளை எழுப்பக் கை வரவில்லை.

தங்கை கழுவின தட்டுகளை எடுத்துக்கொண்டு நைசாக நழுவினாள். அவர் அந்த இடத்தில் உட்கார்ந்து, மிச்சத் தட்டுகளை ஒவ்வொன்றாக அலசத் தொடங்கினார். வாயைத் திறக்கவில்லை. மனைவி ஓரக்கண்ணால் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். இப்போது சந்தேகம் அவளுக்கு வந்துவிட்டது.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் விரல் மெல்லப் பெட்டிக்குப் போய் சுவிட்சைத் தள்ளியது. கேட்கிறது என்று தெரிந்ததும் அவர் அலசின தட்டையே மறுபடியும் அலசினார். ஏதாவது பேச வேண்டும், யாரையும் குறை சொல்லாமல் பேச வேண்டும். தேடித் தேடிப் பார்த்தார், மனதில் ஒன்றுமே கிடைக்கவில்லை.

"இந்தத் தட்டு..." என்றார் கடைசியில். "நல்லா வெளுத்திருக்குல்ல?"

அவள் தட்டையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"ம்" என்றாள். விரலை மட்டும் சுவிட்சிலிருந்து எடுக்கவில்லை.