பெரும்பாசி வருஷம்

என் கொழுந்தனுக்குப் பெண் பார்த்தபோது, "பொண்ணு புள்ளியியல் படிச்சிருக்கு" என்று சொன்னதும் முதலில் தலையாட்டியது நான்தான். எனக்கு இது நன்றாக வேண்டும். வந்தவள் வீட்டோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் வேலை பார்க்கும் ஏரி ஆய்வு நிலையத்திலேயே, எனக்கு எதிர் மேஜையிலேயே வந்து உட்கார்ந்தாள். வீட்டிலும் ஓர்ப்படி, ஆபீஸிலும் ஓர்ப்படி. இப்படி ஒரு யோகம் யாருக்கு வாய்க்கும்!

எங்கள் ஏரிதான் ஊருக்குக் குடிதண்ணீர் தருகிறது. வெயில் காலத்தில் அதில் பாசி பொங்கும், சில சமயம் அந்தப் பாசியில் நஞ்சும் இருக்கும். அடுத்த வாரம் பொங்குமா, பொங்காதா என்று நீரேற்று நிலையத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்காக நான் கம்ப்யூட்டரில் ஒரு மாடல் கட்டியிருந்தேன். வெயில், காற்று, தண்ணீரின் சூடு, அடி வண்டலிலிருந்து கசிந்து பாசிக்குத் தீனியாகும் பாஸ்பேட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமன்பாடு. கல்யாணமான புதிதில் தொடங்கியது. என் மகள் இப்போது பள்ளிக்கூடம் முடிக்கப் போகிறாள். இந்தக் கோடையிலிருந்து அதை நிஜமாகவே ஓட்டலாம் என்று இருந்தபோதுதான் சின்னவள் வந்து சேர்ந்தாள்.

அவளிடம் சமன்பாடு கிமன்பாடு ஒன்றும் கிடையாது. பழைய அளவீடுகளையெல்லாம் அள்ளி ஒரு புள்ளியியல் மாடலுக்குள் கொட்டினாள். ஏரி ஏன் பொங்குகிறது என்று அதற்குத் தெரியாது, எப்போது பொங்கும் என்று மட்டும் சொல்லும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நாங்கள் அளந்த கோடும் அவள் கணித்த கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. நிலையத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "ஏம்மா, இது நிஜமாவே நம்ம ஏரிதானா?" என்று சிரித்தார். என் மாடலைப் பார்த்து அந்த மனுஷன் ஒரு நாளும் சிரித்ததில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

வீட்டிலும் அதே பாட்டு. மாடல் என்றால் என்னவென்று மாமியாருக்குத் தெரியாது, ஆனால் சின்னவள் மாடல்தான் பெரிசு என்று தெரியும்! என் வீட்டுக்காரர் அதைவிட மோசம். "இத்தனை வருஷமா நீ உருட்டினதை அவ ஊதித் தள்ளிட்டாளே" என்றார் சாப்பிட்டுக்கொண்டே. "அப்ப உங்க தம்பி பொண்டாட்டியையே கூப்பிட்டுப் பரிமாறச் சொல்லுங்க" என்று கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து போனேன்.

அந்த வரைபடம் மட்டும் என் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. ஏரியை எனக்குத் தெரியும். அது அவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை இல்லை. திங்கட்கிழமை அவள் சாப்பிடப் போயிருந்தபோது, ஆபீஸ் சர்வரில் அவள் போட்டு வைத்திருந்த புரோகிராமைத் திறந்து வரி வரியாகப் படித்தேன்.

அகப்பட்டது! மாடலுக்குப் பாடம் சொல்லித்தர ஒரு பங்கு, பிறகு பரீட்சை வைக்க ஒரு பங்கு என்று அளவீடுகளைப் பிரிக்க வேண்டும். அவள் சீட்டைக் கலைப்பது மாதிரி கலைத்துப் பிரித்திருந்தாள். நாங்களோ ஒரே நாளில் ஏரியின் பல இடங்களில் தண்ணீர் எடுப்பவர்கள். அதனால் ஒரே நாள் தண்ணீர் பாடத்திலும் இருந்தது, பரீட்சையிலும் இருந்தது. மாடல் எழுதியது பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய பரீட்சை. என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அன்றைக்கு இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அவளிடம் சொல்லவில்லை. நான் ஏன் சொல்ல வேண்டும்? வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நீரேற்று நிலையத்துக்காரர் வருகிறார், எந்த மாடல் என்று அங்கேதான் முடிவாகும். குட்டை உடைத்தால் அப்படி நாலு பேர் முன்னால்தான் உடைக்க வேண்டும். அதுவரை தினமும் அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் ஆபீஸ் போய் வந்தேன். "அக்கா, கூட்டத்தை நினைச்சா பயமா இருக்கு" என்றாள் ஒரு நாள். "உனக்கென்ன, ஜமாய்ச்சிடுவே" என்றேன்.

கூட்டத்தில், "எனக்கு ஒரு சின்ன சந்தேகம்" என்று தேனொழுக ஆரம்பித்தேன். நான் சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ, ஆமாக்கா. எப்படி விட்டேன்?"

உட்கார்ந்த இடத்திலேயே திருத்தினாள். ஒரு வருஷத்தை முழுசாக ஒதுக்கிவைப்பது, மற்ற வருஷங்களை வைத்துப் பாடம், ஒதுக்கிய வருஷத்தில் பரீட்சை. இப்படி ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓட்டினாள். கோடுகள் விலகிக்கொண்டன. கணிப்பு அங்கங்கே தடுமாறியது. எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நல்ல வேளை பாத்தீங்க. சரி, இதே பரீட்சையை உங்க மாடலுக்கும் வெச்சிடுவோமா?"

"என்னோடது சமன்பாடு சார். அதுக்கு இதெல்லாம் தேவையில்ல."

"வண்டல்ல இருந்து பாஸ்பேட் கசியுற வேகம்னு ஒரு எண் போட்டிருக்கீங்களே, அது எங்க இருந்து வந்துச்சு?"

எங்கிருந்து வந்தது? பெரும்பாசி வருஷத்திலிருந்து வந்தது. ஏரி முழுக்கப் பச்சையாகி, ஊர் முழுக்கக் குழாயை மூடி வைத்த வருஷம் அது. அந்த வருஷத்துக்கு என் மாடல் ஒத்துவரும்வரை அந்த எண்ணைத் திருகித் திருகிப் பொருத்தியவள் நான். விடை தெரிந்துகொண்டு எழுதியது அவள் மாடல் மட்டும் இல்லை.

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? நானே கிளப்பிய பரீட்சை. பெரும்பாசி வருஷத்தை ஒதுக்கிவிட்டு, மற்ற வருஷங்களிலிருந்து எண்ணைப் பிடித்து ஓட்டினேன். அந்த வருஷம் கோடை முழுக்க ஏரி தெளிவாக இருக்கும் என்றது என் மாடல். சின்னவளுடையது, அவ்வளவு தடுமாறியும், பாசி வருகிறது என்று முந்தின வாரமே சொல்லியிருந்தது.

நீரேற்று நிலையத்துக்காரர் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன், எதுக்குன்னு எங்களுக்கு வேணாம்மா. வரப்போகுதுன்னு சொன்னா போதும்" என்றார். சின்னவள் மாடல் என்று முடிவாயிற்று. என்னுடையதைப் பற்றி அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் வண்டி நிறுத்தும் இடத்தில் அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஜெயிச்சவ நீ. நீ எதுக்கு அழுற?"

"அந்தத் தப்பை எப்பக்கா பாத்தீங்க?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை. "திங்கட்கிழமை."

"இத்தனை நாளும் என் தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தானே வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ திருத்தியிருப்பே."

"ஆமா."

"அதான் சொல்லல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திருப்பித் திட்ட என்னிடம் நிறைய இருந்தது. அவள் திட்டவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். "ஏறுங்கக்கா, அத்தை தேடுவாங்க" என்றாள்.

ஏறி உட்கார்ந்தேன். அந்தத் தோளைப் பிடிக்கக் கை போகவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.