பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா?

பதினோரு வருஷமாக ஒமாஹாவில் ஒரு கருத்துக்கணிப்பு அலுவலகத் தடுப்புக்குள் உட்கார்ந்து, ஊர் ஊராகப் போன் போட்டுக் கேள்வி கேட்பதுதான் என் வேலை. எழுதிக் கொடுத்ததை அப்படியே படிக்க வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது. மேற்பார்வை பார்க்கும் கிளெண்டா எப்போது யாருடைய பேச்சை ஒட்டுக் கேட்பாள் என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஜனவரியில் கேட்ட கேள்வி இது: உங்கள் வீட்டுப் பக்கம் இருட்டிய பிறகு தனியாக நடப்பது எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது? மிகவும், ஓரளவு, அவ்வளவாக இல்லை, கொஞ்சமும் இல்லை. நாலில் ஒன்று.

ஒன்றைச் சொல்லிவிட்டு யார் சும்மா இருந்தார்கள்? டெட்ராய்ட்காரர், நடப்பதா, வாசலிலிருந்து காருக்கு ஓடத்தானே செய்கிறேன், அதற்கு என்ன எண் என்று கேட்டார். மினியாபொலிஸ்காரி, இந்தக் குளிரில் திருடனே போர்வைக்குள் கிடப்பான் என்றாள். மெம்ஃபிஸ் கிழவர் தன் நாயோடு போவாராம், ஆனால் நாய்க்குத்தான் பயமாம். பக்கத்துத் தடுப்பு எர்லீன் என்னைப் பார்த்து, "உனக்கென்ன வில்மா, எழுபத்தோரு வயசுல நாலு தெரு நடந்தே வீட்டுக்குப் போற. உன்னைப் பார்த்தா திருடனே நாலு காசு குடுத்துட்டுப் போவான்," என்பாள். நானும் சிரிப்பேன். என்னை யாராவது கேட்டிருந்தால் 'மிகவும்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

கைபேசி என்றால் மட்டும் முதலில் இன்னொரு கேள்வி உண்டு: நீங்கள் இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா? எதிர்முனையில் இருப்பவர் கார் ஓட்டிக்கொண்டிருந்து, நம் பேச்சால் எதிலாவது மோதிவிடக் கூடாதே என்பதற்காக. 'இல்லை' என்றால் 'இல்லை' பொத்தானை அழுத்தி, வேறு நேரம் கூப்பிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லி வாய் மூடுவதற்குள் இணைப்பு தானே அறுந்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை, இரவு எட்டு ஐம்பது. செயின்ட் லூயிஸ் எண். முதல் மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள்.

"அம்மாவா? சொல்லும்மா. வந்துட்டேதான் இருக்கேன்." மூச்சு வாங்கியது. பூட்ஸ் சத்தம் தரையில் டக் டக்கென்று கேட்டது.

நான் படித்தேன். "நீங்கள் இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா?"

பூட்ஸ் சத்தம் ஒரு கணம் நின்றது.

"இல்ல," என்றாள், ரொம்பத் தணிந்த குரலில்.

என் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. "பரவாயில்லை, வேறு நேரத்தில் கூப்பிடுகிறேன், நன்றி," என்று வாயும் சொல்லிவிட்டது. பதினோரு வருஷப் பழக்கம். "வைக்கா..." என்று அவள் தொடங்கியது அறுந்தபோதுதான் எனக்கு உறைத்தது, அவள் கார் ஓட்டவில்லை.

எண்களை எங்களுக்குக் காட்ட மாட்டார்கள். இயந்திரம்தான் சுழற்றும். கிளெண்டாவிடம் ஓடினேன். அவளும் அந்த அழைப்பைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாளாம். உடனே தானே ஒருமுறை போட்டுப் பார்த்தாள். மணி அடித்து ஓய்ந்தது. போலீஸுக்குச் சொன்னால் என்ன பெயர், எந்தத் தெரு என்பார்கள் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நீ ஒண்ணும் தப்பா செய்யல வில்மா. எழுதினபடிதான் படிச்ச. முழு மார்க்," என்றாள்.

அந்த மார்க்கோடுதான் நாலு தெருவும் நடந்தேன்.

ஒரு எண்ணை ஆறு தடவைதான் முயலலாம். ஏழாவது கிடையாது, இயந்திரம் அதை அழித்துவிடும். அன்றே இரண்டு போய்விட்டது. வெள்ளி, சனி, திங்கள் என்று மூன்று நாள் கிளெண்டா அந்த எண்ணை எனக்கே அனுப்பினாள். மூன்று தடவையும் பதிவுசெய்த குரல்தான்: "இப்ப எடுக்க முடியல, நல்லதா ஏதாவது சொல்லிட்டுப் போங்க." உயிரோடு இருக்கிறவள் குரலா இல்லையா என்று அதைக் கேட்டு எப்படிச் சொல்வது?

மிச்சம் ஒன்று. அதை வியாழக்கிழமை எட்டு ஐம்பதுக்கு வைத்துக்கொடு என்று கிளெண்டாவிடம் கேட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். அதே டக் டக்.

திரையில் கேள்வி நின்றது. நான் அதைப் படிக்கவில்லை. "அம்மா பேசறேன்," என்றேன். "எங்க வந்துட்டிருக்க?"

"அன்னைக்கு வச்சிட்டீங்களே," என்றாள்.

"வச்சிட்டேன் கண்ணு. இன்னைக்கு வைக்க மாட்டேன்."

அவள் லேசாகச் சிரித்தாள். வியாழக்கிழமைதான் வேலை முடிய இவ்வளவு நேரமாகுமாம். தெரியாத எண் வந்தால் நடக்கும்போது மட்டும் எடுப்பாளாம், அம்மாவிடம் பேசுகிற மாதிரி, பேச்சுத் துணைக்கு. அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறதாம். போன வாரம் யாரோ பின்னாலேயே வந்ததாகவும், ஒரு கடைக்குள் நுழைந்து தப்பியதாகவும் சொன்னாள். "இன்னைக்கு யாருமில்ல. திரும்பிப் பார்த்துட்டேன், தெருவே காலி."

டக் டக் என்று அவள் பூட்ஸ். அதற்கு இடையில், ஓரத்துப் பனியை மெல்ல நொறுக்கிக்கொண்டு, இன்னொரு நடை. ஒரு திருப்பத்தில் அவள் நின்றாள். ஒரு நொடி கழித்து அதுவும் நின்றது.

இதைச் சொன்னால் பயத்தில் அவள் தடுமாறி விழுவாளோ? சொல்லாவிட்டால்?

"போனை ஸ்பீக்கர்ல போடு," என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. போட்டாள். நான் தடுப்பெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகப் பேசினேன். "வாசல் விளக்கைப் போட்டுட்டேன். அண்ணன் கையில கட்டையோட படியிலதான் நிக்கிறான். நான் உன்னைப் பார்த்துட்டேன், வா, வேகமா வா." பூட்ஸ் சத்தம் விரைந்தது. இன்னொன்றும் விரைந்தது. படி. சாவி. கதவு. தாழ்ப்பாள்.

"பூட்டினியா?"

"பூட்டிட்டேன்." அழுகிற மாதிரி இருந்தது. "எதுக்கு இப்படிக் கத்தினீங்க?"

"போலீஸைக் கூப்பிடு. அடுத்த வாரம் நடக்காதே. யாரையாவது வரச் சொல்லு."

"அம்மா மாதிரியே பேசறீங்க," என்றுவிட்டு வைத்தாள்.

திரையில் பதில் கட்டம் காலியாக நின்றது. ஆறாவது முயற்சி முடிந்தது என்று காட்டி, எண் மறைந்தது.

கிளெண்டா ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடி என் தடுப்புக்கு வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ரெண்டு பேர் நடந்தாங்க, இல்ல?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"கோட்டை எடுத்துக்க. இன்னைக்கு என் கார்ல வா."

எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எடுத்துக்கொண்டேன்.