சிரித்துக்கொண்டே சொன்னது

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜிந்தனாவுக்கு ஒரு வேலை உண்டு. அட்டையிலிருந்து மாத்திரைகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, விட்டமின் என்று எழுதிய டப்பாவில் போட வேண்டும். வெறும் அட்டைகளைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, மீன் ஆய்ந்த கழிவோடு சேர்த்துக் கட்டி, குப்பையில் எறிந்துவிட வேண்டும். அது விட்டமின் இல்லை. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை. அவள் புருஷன் பிரெபனின் இதயம் இரண்டு வருடமாகத் தாளம் தப்பி அடித்துக்கொண்டிருந்தது. தாய்லாந்தின் ஹுவா ஹின் ஊரில் அது தெரிந்தவர்கள் மூன்றே பேர்: பிரெபன், ஜிந்தனா, ரஸ்ஸல்.

ரஸ்ஸல் டாக்டர் இல்லை. ஆஸ்திரேலியாவில் நீச்சல்குளம் கட்டிக்கொண்டிருந்த ஆள். ஆனால் புதன்கிழமை தோறும் பேக்கரியில் கூடும் வெள்ளைக்காரக் கிழவர்கள் கூட்டத்தில், முழங்கால் வலியிலிருந்து விசா வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் தீர்ப்புச் சொல்வார். பிரெபன் தன் சொந்த நாடான டென்மார்க்கில் மகனைப் பார்க்கப் போனபோது, அங்கிருந்த டாக்டர் அவருடைய இதயக் கோளாறைக் கண்டுபிடித்தார். திரும்பி வந்ததும் பிரெபன் போய் நின்றது ரஸ்ஸலிடம்தான்.

"இங்க எந்த ஆஸ்பத்திரியிலயும் வாயத் திறக்காத," என்றார் ரஸ்ஸல். "நீ சொல்றது ஒவ்வொண்ணும் ஃபைல்ல ஏறும். ஃபைல் நேரா இன்சூரன்ஸ்காரன் கைக்குப் போகும். பழைய நோய மறைச்சிட்டேன்னு சொல்லிக் கைய விரிச்சிடுவான். மன்ஃபிரெட் கதை ஞாபகம் இருக்குல்ல?"

மன்ஃபிரெட் கதை யாருக்குத்தான் ஞாபகம் இல்லை. அந்த ஜெர்மன்காரர் நெஞ்சு வலியோடு படுத்திருந்தபோது, "பத்து வருஷமா பிரஷர் உண்டு" என்று டாக்டரிடம் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ் கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. நாற்பது நாள் கிடந்து அவர் செத்துப்போனார். அவர் மனைவி புப்பா, வீட்டையும் அப்பன் வழி வந்த நிலத்தையும் விற்று ஆஸ்பத்திரிக்குக் கட்டினாள். இப்போது சந்தை வாசலில் வாழைப்பழம் சுட்டு விற்கிறாள். ஜிந்தனா தினமும் அவளிடம் பழம் வாங்குவாள். பிடித்தோ பசித்தோ இல்லை. வாங்காமல் கடந்து போனால் அந்தக் கதி தனக்கும் வந்துவிடும் என்று ஒரு பயம்.

ஜிந்தனாவின் வீடும் அவள் பேரில்தான் இருந்தது. வெளிநாட்டுக்காரன் பேரில் நிலம் எழுத முடியாது. கப்பல் இன்ஜின் அறையில் நாற்பது வருடம் வெந்து சேர்த்ததையெல்லாம் பிரெபன் அந்த வீட்டில் கொட்டியிருந்தார். "நான் போனப்புறம் நீ யார் வீட்டு வாசல்லயும் நிக்கக் கூடாது" என்பார். பேக்கரிக் கூட்டம் அதையும் விடாது. "பிரெபன், ராத்திரி சூப்பை மோந்து பார்த்துட்டுக் குடி, வீடு அவ பேர்ல இருக்கு" என்று சிரிக்கும். ஜிந்தனாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்ததும் சிரித்த வாயைக் கழுவ வேண்டும்போல இருக்கும்.

அந்த வியாழக்கிழமை காலை நடந்தது ஒன்றும் பெரிய விபத்து இல்லை. பிரெபன் ஸ்கூட்டரில் ரொட்டி வாங்கப் போனார். தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே படுத்திருந்தது. அதை எழுப்ப மனம் வராமல் சுற்றிப் போகப் பார்த்து, வண்டியோடு மெதுவாகச் சாய்ந்தார். காதுக்கு மேலே நடைபாதை விளிம்பு இடித்தது. எழுந்து, ரொட்டியைத் தட்டிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தார். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். ரத்தம்கூட வரவில்லை.

"நாய்க்கு ஒண்ணும் ஆகலையே?" என்று அவர்தான் கேட்டார்.

"நாய் நல்லாத்தான் இருக்கும். நீ வண்டியில ஏறு கிழவா, ஆஸ்பத்திரி போறோம்," என்றாள் ஜிந்தனா. அந்த மாத்திரையைப் பற்றி அவள் போனில் தாய்லாந்து மொழியில் எவ்வளவோ படித்திருந்தாள். தலையில் அடிபடக் கூடாது என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியிருந்தது. வெளியே ஒரு சொட்டும் வராதது அவளுக்கு நிம்மதியாக இல்லை.

தனியார் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாடி பிடிக்கும் முன் பாஸ்போர்ட்டையும் இன்சூரன்ஸ் அட்டையையும் வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் கட்டில் கிடைத்தது. டாக்டர் பிம்சிரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. வெளிச்சம் அடித்துக் கண்ணைப் பார்த்தாள், கையைத் தூக்கச் சொன்னாள். பிறகு இங்கிலீஷில் கேட்டாள்.

"தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? ரத்தம் உறையாம இருக்க, ஆஸ்பிரின், அந்த மாதிரி?"

"விட்டமின் மட்டும்தான்," என்றார் பிரெபன். சொல்லிவிட்டு ஜிந்தனாவைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"வேற நோய் எதுவும்?"

"வயசுதான்."

டாக்டர் எழுதிக்கொண்டாள். "வயசுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடறது நல்லது. இப்பவே எடுத்துடலாமா?"

"செலவ ஏத்துக்கறோம்னு இன்சூரன்ஸ்லேர்ந்து லெட்டர் வரட்டும்மா. வந்ததும் எடுக்கலாம்."

"நீங்க சொன்ன மாதிரி ரத்தம் உறையாத மாத்திரை எதுவும் இல்லைன்னா கொஞ்ச நேரம் பார்க்கலாம். தலைவலி கூடினா உடனே கூப்பிடுங்க," என்று சொல்லி அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள். நீங்க சொன்ன மாதிரி என்ற வார்த்தை ஜிந்தனாவின் காதிலேயே நின்றது.

லெட்டர் வரவில்லை. பத்தரை ஆயிற்று. கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொரு தடவையும் எழுந்து, கைகூப்பி, "பாங்காக் ஆபீஸ்ல பார்த்துட்டிருக்காங்க அக்கா" என்றாள்.

"நாய்க்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார் பிரெபன்.

"ஆகல. காலையிலயே சொன்னேனே."

"சொன்னியா? சரி." கண்ணை மூடிக்கொண்டார். "லைட்ட அணைக்கச் சொல்லு ஜின். மண்டைக்குள்ள இன்ஜின் ஓடுது."

அவள் எழுந்தாள். "டாக்டரக் கூப்பிடறேன்."

"கூப்பிடு. ஆனா அந்தப் பேச்சை எடுக்காத." அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி பழைய பிடி இல்லை. "சத்தியம் பண்ணியிருக்க. சொன்னேன்னு தெரிஞ்சுது, அந்த நிமிஷம் எழுந்து வீட்டுக்கு நடந்துடுவேன். வாழைப்பழம் சுடற கதி உனக்கு வேணாம்."

அவர் செய்யக்கூடிய ஆள்தான். பல் பிடுங்கப் போன இடத்தில் அதிகம் கேட்டார்கள் என்று பாதிப் பல்லோடு எழுந்து வந்தவர்.

ஜிந்தனா வராந்தாவுக்கு வந்து ரஸ்ஸலுக்குப் போன் போட்டாள். வேறு யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"தலைவலிதானே? அடிபட்டா வலிக்கத்தான் செய்யும்," என்றார் ரஸ்ஸல். பின்னால் தட்டும் கரண்டியும் மோதும் சத்தம் கேட்டது. "லெட்டர் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு இருங்க. இவ்வளவு நாள் கட்டின பணம் பூரா வீணாப் போயிடும்."

"ஒரே கேள்விய ரெண்டு தடவை கேட்கறார் ரஸ்ஸல்."

"நான் பத்து தடவை கேட்பேன்."

"விளையாடாதீங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? உங்க இன்சூரன்ஸ்காரன்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

கரண்டிச் சத்தம் நின்றது. "எனக்கு இன்சூரன்ஸே இல்லம்மா," என்றார் ரஸ்ஸல். "அறுபத்தஞ்சு வயசுலயே விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

போனை வைத்ததும் ஜிந்தனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையில் போய் முடியும் என்று தெரிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டு வருடம் அவள் கட்டைவிரல் தேய மாத்திரை பிதுக்கியது இந்த ஆளின் பேச்சைக் கேட்டுத்தானா?

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். லெட்டர் வரும், ஸ்கேன் எடுப்பார்கள், அது வரை அவர் தாங்கினால் எல்லாம் நல்லபடி முடியும். தாங்காவிட்டால் அவர் போய்விடுவார். வீடு இருக்கும். அப்புறம் ஊர் என்ன சொல்லும்? சூப்பை மோந்து பார்க்கச் சொன்ன வாய்கள் என்ன சொல்லும்? ஆனால் அவளை உலுக்கியது ஊர் வாய் இல்லை. வீடு இருக்கும் என்று தன் மனமே ஒரு நொடி கணக்குப் போட்டுப் பார்த்ததே, அதுதான். தன்னைக் கண்டு தானே பயந்தாள். இவரோடு பதினாலு வருடம் படுத்து எழுந்தவள்தானா நான் என்று இருந்தது.

திரும்பி உள்ளே போனபோது நர்ஸ் தட்டு பிடித்துக்கொண்டிருந்தாள். பிரெபன் வாந்தி எடுத்திருந்தார். பக்கத்தில் டாக்டர் பிம்சிரி நின்றாள். ஜிந்தனாவைக் கண்டதும் பிரெபன் தலையை லேசாக நிமிர்த்தினார்.

"நாய்க்கு ஒண்ணும் ஆகலையே?"

பதினாலு வருடமாக இந்த ஊரில் இருந்தும் பிரெபனுக்குத் தாய்லாந்து மொழியில் வணக்கமும், பில் கொண்டு வா என்பதும், காரம் வேண்டாம் என்பதும்தான் தெரியும். கற்றுக்கொள்ளச் சொல்லி ஜிந்தனா எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறாள். இன்று அவள் அவர் பாதத்தைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, விருந்தாளிக்குச் சிரிப்பதுபோல் முகம் நிறையச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டாக்டரிடம் தாய்லாந்து மொழியில் பேசினாள்.

"டாக்டரம்மா, முகத்த மாத்தாமக் கேளுங்க. என்னை மாதிரியே சிரிச்சிட்டே இருங்க. இவர் சொன்னது பொய். ரத்தம் உறையாத மாத்திரை ரெண்டு வருஷமா தினமும் சாப்பிடறார். இன்னிக்கும் ஏழு மணிக்குக் காபியோட சாப்பிட்டார். நான் சொன்னேன்னு தெரிஞ்சா எழுந்து போயிடுவார்."

டாக்டரின் சிரிப்பு கலையவில்லை. கெட்டிக்காரப் பெண்.

"மாத்திரை பேரு?"

அந்தப் பேர் மட்டும் அவருக்குப் புரிந்துவிடும் என்று ஜிந்தனா குரலை இறக்கிச் சொன்னாள். அட்டையில் எத்தனையோ தடவை பார்த்த பேர், தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள்.

"இத நான் ஃபைல்ல எழுதாம இருக்க முடியாதும்மா. இன்சூரன்ஸ் கேட்டா மறைக்கவும் முடியாது."

"எழுதுங்க."

"என்ன பேசறீங்க ரெண்டு பேரும்?" என்றார் பிரெபன்.

"உன் வாந்திய யார் தொடைக்கறதுன்னு பேசறோம் கிழவா. லெட்டர் வந்துடுச்சு. ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போறாங்க."

"வந்துடுச்சா?" அவர் முகம் தெளிந்தது. "ரஸ்ஸல் சொன்னான் பாரு."

அதற்கப்புறம் யாரும் நடக்கவில்லை, ஓடினார்கள். கால் மணி நேரத்தில் டாக்டர் தனியாக வந்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சு மூளைய அழுத்துது. மாத்திரையோட வேலைய முறிக்க மருந்து ஏத்த ஆரம்பிச்சாச்சு. உடனே ஆபரேஷன் பண்ணணும். அரசு ஆஸ்பத்திரிக்கு மாத்தலாம், செலவு குறையும், ஆனா அந்த நேரம் இவருக்கு இல்லை. இங்கயே முடிச்சிட்டு அப்புறம் மாத்திக்கலாம்."

"பிழைச்சிடுவாரா?"

"தெரியாதும்மா. இன்னும் ஒரு மணி நேரம் நீங்க பேசாம இருந்திருந்தா, தெரியும், பிழைக்க மாட்டார்னு சொல்லியிருப்பேன்."

கவுண்டர்ப் பெண் காகிதங்களோடு வந்தாள். இந்தத் தடவை கைகூப்பவில்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாங்காக்லேர்ந்து கேட்டிருக்காங்க அக்கா, முன்னாடியே ஏதாவது நோய் இருந்துதான்னு. ஃபைல அனுப்பணும். அதுவரைக்கும் செலவுக்கு யாரு பொறுப்புன்னு ஒரு கையெழுத்து வேணும்." பேனா ஜிந்தனாவின் விரல்களில் வழுக்கியது. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டுப் பத்திரத்தில் போட்ட அதே கையெழுத்தைப் போட்டாள். சந்தை வாசலில் புப்பாவின் அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு அடுப்பு வைக்க இடம் இருக்கிறதா என்று மனம் பார்த்துவிட்டு வந்தது.

ஆபரேஷன் அறை வாசலில் கட்டிலை ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். பிரெபனின் தலையில் பாதி மழித்திருந்தது. கண் அரைகுறையாகத் திறந்தது. அவளைத் தேடிப் பிடித்தது.

"ஜின். சொல்லலைல்ல?"

"என்னத்த?"

"விட்டமின்."

"சொல்லல."

"வீடு?"

"எங்கயும் போகாது. தூங்கு கிழவா."

"நல்ல பொண்ணு," என்றார். வார்த்தை குழறியது. அவள் விரலைப் பிடித்து மெல்ல அழுத்தினார். அவளுக்கு நன்றி சொல்லும் அழுத்தல் அது. கதவு திறந்தது, கட்டில் உள்ளே போனது, கதவு மூடிக்கொண்டது.

வாசலில் இருந்த நீல நாற்காலியில் ஜிந்தனா உட்கார்ந்தாள். கோபம் வந்தால் பிரெபன் டேனிஷ் மொழியில்தான் கத்துவார், கழுத்து நரம்பு புடைக்கும், தட்டு பறக்கும். எழுந்து வந்து உண்மை தெரிந்த நாளில் எப்படிக் கத்துவார் என்று நினைத்துப் பார்த்தாள். சத்தியத்தை மீறினவளே, நாற்பது வருஷ உழைப்பை ஒரு வார்த்தையில் அழித்தவளே என்று அவர் சொல்லப்போவதையெல்லாம் அவரே சொல்வதுபோல் ஒவ்வொன்றாக மனதில் கேட்டாள். ஒன்றையும் அவர் குறைக்க வேண்டாம், எல்லாத் தட்டையும் உடைக்கட்டும் என்று கைகூப்பி வேண்டிக்கொண்டு, அந்தச் சத்தத்துக்காகக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.