மூச்சுக்கு ஒரு திருகு

அரைக்கட்டை அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். திறக்கவில்லை. விளையாட்டாகச் செய்த காரியம் கழுத்தில் ஏறி உட்காரும் என்று யார் கண்டது?

அந்தப் பெயரை வைத்தது கிட்டார் வாசிக்கிற நரையண்ணன். கீபோர்டு வாசிக்கிறவள், ஆளும் குள்ளம், போதாதா? அவருக்கு மீசை முளைத்த வயசிலேயே தலை வெளுத்துவிட்டது, பதிலுக்கு அவள் அந்தப் பெயரை வைத்தாள். மூன்றாவது ஆள் அவளுடைய தம்பி. ஸ்டுடியோ அவனுடையது. வாசிக்கத் தெரியாது, பேசத் தெரியும். பேசிப் பேசித்தான் மூன்று பேருக்கும் வேலை பிடித்துக்கொண்டு வருவான். அந்த வாயைக் குறை சொல்ல முடியாது, சோறு போட்ட வாய்.

அவன் ஒரு புது சாஃப்ட்வேரை வாங்கிப் போட்டதிலிருந்து ஸ்டுடியோவில் நிம்மதி போயிற்று. கம்ப்யூட்டருக்குள்ளேயே எல்லா வாத்தியமும் இருக்குமாம். ஊர் உலகமே அதைப் பற்றித்தான் பேசுகிறதாம்.

"இல்லாத சத்தமே இல்லைண்ணே இதுல," என்பான் தம்பி.

"இருக்கும். பொணம் மாதிரி இருக்கும்," என்பார் நரையண்ணன்.

"முதல்ல கேட்டுட்டுப் பேசுங்க."

"கேட்டுட்டுத்தான் பேசுறேன். எல்லாம் பிளாஸ்டிக். உயிருள்ள சத்தம் எது, செத்த சத்தம் எதுன்னு கண்ணை மூடிட்டே சொல்வேன் நான்."

காலையில் ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் வரை இதே கச்சேரி. நடுவில் அரைக்கட்டை. அவளிடம் பழைய சின்ன கீபோர்டு ஒன்று இருந்தது. அதன் ஸ்பீக்கர் கிழிந்து, எந்தச் சுரத்தை வாசித்தாலும் தொண்டை கட்டின ஆள் பேசுகிற மாதிரி ஒரு கரகரப்போடு வரும். அந்தக் கரகரப்பு அவளுக்குப் பிடிக்கும். தம்பி அதை 'டப்பா' என்பான். தன் கட்சிக்கு ஆதாரமாக நரையண்ணன் அதைத்தான் காட்டுவார்.

ஒரு நாள் அவளுக்கு வெறுத்துவிட்டது. ரெண்டு பேர் மூக்கையும் ஒரே அடியில் உடைப்போம் என்று முடிவு பண்ணினாள். ஒரு மெட்டை டப்பாவில் வாசித்து, கிழிந்த ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்தாள். அதே மெட்டை சாஃப்ட்வேரிலும் வாசித்தாள். பிறகு ரெண்டுக்கும் பெயரை மாற்றி வைத்தாள். டப்பாவின் பதிவுக்கு 'சாஃப்ட்வேர்', சாஃப்ட்வேரின் பதிவுக்கு 'டப்பா'. ரெண்டு மேதைகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்ன பிறகு உண்மையைப் போட்டு உடைத்து, வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும் என்பது அவள் திட்டம்.

எல்லாம் சரியாகத்தான் போனது. சீரியல் டைரக்டர் அன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் சீக்கிரம் வந்து உட்கார்ந்ததைத் தவிர. அவருடைய புது சீரியலுக்குப் பின்னணி இசை இவர்களுக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று மாசக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த சமயம் அது.

"போடுங்க, நானும் கேக்கறேன்," என்றார், கையில் டீயோடு.

முதலில் 'டப்பா'. நரையண்ணன் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "இதுதான் வாசிப்பு. ரத்தம் ஓடுது பாரு உள்ளே." அரைக்கட்டை உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுத்தது 'சாஃப்ட்வேர்'. தம்பி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். நரையண்ணன் முகத்தைச் சுளித்தார். "பிளாஸ்டிக். சுத்தப் பிளாஸ்டிக்."

இதோ, இப்போது சொல்லிவிடலாம் என்று அவள் வாயெடுத்தாள். டைரக்டர் டீயைக் கீழே வைத்தார்.

"இதுதான்," என்றார். "இந்த சத்தத்துக்குத்தான் இத்தனை நாளா அலையறேன். சீரியல் பூரா இதுவே இருக்கட்டும்." தம்பி முதுகில் தட்டினார். "நீங்க சொன்னப்போ நம்பலை. சாஃப்ட்வேர் பிரமாதம். அந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்க, காதுல குத்துது."

எப்படிச் சொல்வாள், சொல்லுங்கள்? சொன்னால் டைரக்டருக்குக் காது இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. தம்பியோ தலைகால் புரியாமல் நிற்கிறான். நரையண்ணனைப் பார்த்தாள். உயிருள்ள சத்தத்தைப் பிளாஸ்டிக் என்ற மனுஷன். ஒரு வாக்கியத்தில் மூன்று பேருடைய மானம் போகும். மென்று முழுங்கினாள். சாயங்காலம் தம்பியிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குள் அவன் ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டு வந்துவிட்டான்.

அப்புறம் ஆரம்பித்தது அவளுடைய சிறைவாசம். தினம் ஒரு காட்சி வரும், தினம் அதே சத்தம் வேண்டும். சாஃப்ட்வேரில் கொண்டுவர முட்டி மோதிப் பார்த்தாள், வரவில்லை. வேறு வழியில்லாமல் டப்பாவை மறைத்து எடுத்துக்கொண்டு, லேப்டாப்போடு ஸ்டோர் ரூமுக்குள் போனாள். துடைப்பமும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கிற ஜன்னல் இல்லாத பொந்து அது. "பக்கத்துல ஆள் இருந்தா எனக்கு வேலை ஓடாது," என்று தம்பியிடம் சொல்லி வைத்தாள். கதவைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து, ஃபேனையும் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் சத்தமும் மைக்கில் விழும். வியர்வை கண்ணில் வழியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிப்பாள், சுரம் அடங்குகிற வேளையில் தாங்க முடியாமல் மெதுவாக விடுவாள். வெளியே வரும்போது குளித்து எழுந்தவள் மாதிரி இருப்பாள்.

"எங்கக்கா சாஃப்ட்வேர்ல இறங்கிட்டா சோறு தண்ணி கிடையாது," என்று தம்பி போனில் பெருமையடிப்பது கதவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்கும். அப்போதெல்லாம் எட்டி ஓர் அறை விடலாம் போல அவளுக்கு ஆத்திரமாக வரும். யாரை அறைவது என்றுதான் தெரியாது.

சொல்ல வேண்டிய நேரமும் ஒன்று வந்தது. அந்த சத்தம் ஊரில் பேசப்பட்டதும் தம்பி நரையண்ணனைக் கூப்பிட்டான். "அண்ணே, இனிமே கிட்டாரும் இதுலயே பார்த்துக்கறோம். தேவைப்பட்டா சொல்லி அனுப்பறேன்." நரையண்ணன் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். போகும்போது அரைக்கட்டையைப் பார்த்து, "ஜெயிச்சுட்டியே," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அப்போதும் அவளுக்கு வாய் வரவில்லை. பிறகு அவர் ஏதோ ஹோட்டலில், சாப்பிடுகிறவர்களின் தட்டுச் சத்தத்துக்கு நடுவே வாசிப்பதாகக் கேள்விப்பட்டாள்.

இத்தனையும் போதாது என்று, சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்களே தேடிக்கொண்டு வந்தார்கள். அவர்களுடைய சாமானில் இப்படி ஒரு சத்தம் இருப்பது அவர்களுக்கே தெரியாதாம். திரையில் இருக்கிற எந்தத் திருகை எவ்வளவு திருப்பினீர்கள் என்று கேட்டார்கள். கேட்க மாட்டார்களா பின்னே? "எல்லாம் அழிஞ்சு போச்சு," என்று அவள் பச்சைப் பொய் சொன்னாள். அப்படியானால் ஒவ்வொரு கட்டையாக வாசித்துப் பதிவையாவது கொடுங்கள், அதை உள்ளே வைத்துக்கொள்கிறோம், உங்கள் பெயரையே வைக்கிறோம் என்றார்கள். மறுபடியும் பொந்து, மறுபடியும் துணி அடைத்த கதவு. முதல் கட்டையிலிருந்து கடைசிக் கட்டை வரை வாசித்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டால் இனி அந்தப் பொந்துக்குள் போக வேண்டியதில்லை என்று ஓர் அற்ப ஆசை.

சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு வந்தது. அதில் 'அரைக்கட்டை' என்று ஒரு சத்தம். தம்பி தட்டிக் காட்டினான். அச்சு அசல் அவள் டப்பா. தெருவில் போகிறவனெல்லாம் இனி தட்டலாம். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தாள். நரையண்ணன் ஞாபகமாகவே இருந்தது. இனியும் தாங்காது, என்ன ஆனாலும் ஆகட்டும், அந்த மனுஷனுக்காவது வழி பிறக்கும் என்று தீர்மானித்தாள்.

டைரக்டர் வருகிற நாளாகப் பார்த்து நரையண்ணனையும் வரச் சொன்னாள். மூன்று பேரையும் உட்கார வைத்து, டப்பாவை மேஜை மேல் வைத்து, ஒன்று விடாமல் சொன்னாள். பெயரை மாற்றி வைத்தது, வாயை மூடிக்கொண்டது, ஸ்டோர் ரூம், எல்லாம். பிறகு அந்த மெட்டை டப்பாவில் வாசித்தாள்.

டைரக்டர் தாடையைச் சொறிந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அது மாதிரி வரலையேம்மா. அதைக் கேட்டுட்டு இதைக் கேட்டா டூப்ளிகேட் மாதிரில்ல தெரியுது?"

"அக்காவுக்கு வேலை ஜாஸ்தி சார்," என்றான் தம்பி, சிரித்து மழுப்பி. "நரையண்ணனைத் திரும்பக் கொண்டுவரணும்னு அவளுக்கு மனசு. அதுக்காக, தான் பண்ணினதையே இல்லைன்னு சொல்றா. அவ குணம் அப்படி."

அவள் நரையண்ணனிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கண்ணே. இந்தக் கரகரப்பு உங்களுக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

நரையண்ணன் டப்பாவைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், நாளைக்கே அவர் கிட்டார் இங்கே இருக்கும். ஆனால் ஆமாம் என்றால், கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன் என்ற அந்தக் காது என்ன ஆவது? காதுகூட இல்லாவிட்டால் அவரிடம் வேறு என்னதான் மிச்சம்?

"இல்லை," என்றார். "அது பிளாஸ்டிக். நான் அன்னைக்கே சொன்னேன்." பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வரேன்மா," என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினார்.

அரைக்கட்டை விடவில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் போய்த் தன் பெயரைத் தேடி, ஒரு கட்டையை அழுத்தினாள். சுரம் வந்தது, கரகரத்தது, அடங்கியது. அடங்குகிற இடத்தில் மெல்லிசாக ஒரு காற்று. ஸ்டோர் ரூமில் அவள் பிடித்து வைத்து, தாங்க முடியாமல் விட்ட அதே மூச்சு. பக்கத்துக் கட்டையை அழுத்தினாள். அதிலும் மூச்சு. அதற்கடுத்ததிலும்.

"கேளுடா," என்றாள். குரல் உடைந்தது. "அது நான்டா. என் மூச்சுடா அது. சாஃப்ட்வேர் எங்கேயாவது மூச்சு விடுமா?"

தம்பி குனிந்து உன்னிப்பாகக் கேட்டான். அவன் நல்லவன்தான், அக்கா அழுதால் தாங்க மாட்டான்.

"அட ஆமா, ஒரு இழுப்பு கேக்குது," என்றான். "இதுக்கா அழறே? இதுக்கும் ஒரு திருகு வச்சிருக்காங்க பாரு."

திருகைக் கடைசி வரை இறக்கிவிட்டு, அதே கட்டையை அவனே அழுத்திக் காட்டினான். சுரம் வந்தது, கரகரத்தது, அடங்கியது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"இப்போ சுத்தமா இருக்கு," என்றார் டைரக்டர்.